ஒரேயொரு சர்க்கரைதான் வித்தியாசம்: ரத்த வகையைக் கண்டுபிடித்த லாண்ட்ஸ்டெய்னரின் கதை

உங்க ரத்த வகை என்னன்னு கேட்டா, 'ஓ பாசிட்டிவ்', 'பி பாசிட்டிவ்' என்று சட்டுனு சொல்லிடுவீங்க. 1900 வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒருவரின் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள். ஏன் என்று டாக்டர்களுக்கே புரியவில்லை. அந்தப் புதிரை அவிழ்த்தவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர்.

யார் இவர்?

1868 ஜூன் 14-ல் ஆஸ்திரியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மாதான் வளர்த்தார். 1891-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர், சிகிச்சை பக்கம் போகாமல் வேதியியல் படிக்கக் கிளம்பினார். ஜெர்மனியில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் ஒருவர், சர்க்கரைகளின் அமைப்பை ஆராய்ந்த எமில் ஃபிஷர்.

என்ன செய்தார்?

தன் ரத்தத்தையும் ஆய்வகத்தில் கூட வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் எடுத்தார். ஒருவரின் சீரத்தை இன்னொருவரின் சிவப்பணுக்களோடு கலந்தார். சிலவற்றில் அணுக்கள் திரிந்த பால் மாதிரி கட்டிக்கொண்டன, சிலவற்றில் எதுவும் ஆகவில்லை. அதுவரை இதை நோயின் அறிகுறி என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் இவர்கள் எல்லோரும் ஆரோக்கியமானவர்கள்! 1901-ல் ஏ, பி, சி என மூன்று வகைகளை அறிவித்தார். 'சி'தான் இன்றைய 'ஓ'. அடுத்த ஆண்டே அவரது சகாக்கள் 'ஏபி'யைக் கண்டுபிடித்தார்கள்.

ஏன் கட்டிக்கொள்கிறது?

சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. அணு உருவாகும்போதே, அதற்குள் இருக்கும் கோல்கி என்ற பகுதியில் நொதிகள் இவற்றைக் கோக்கின்றன. நுனியில் ஒரு சர்க்கரை சேர்ந்தால் ஏ, வேறொன்று சேர்ந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, எதுவும் சேராவிட்டால் ஓ. நம்மிடம் இல்லாத சர்க்கரையோடு ரத்தம் உள்ளே வந்தால், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஆன்டிபாடிகள் அதை எதிரியாக நினைத்துத் தாக்கும். உயிரே போகலாம்.

தாமதமாக வந்த நோபல்

முதல் உலகப் போருக்குப் பிறகு வியன்னாவில் வறுமை. 1919-ல் நெதர்லாந்துக்கும், பிறகு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்கும் போனார். நோபல் பரிசு 1930-ல்தான் வந்தது. 1940-ல் அலெக்ஸாண்டர் வீனருடன் சேர்ந்து ஆர்ஹெச் காரணியைக் கண்டறிந்தார். 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்பது அதிலிருந்து வந்ததுதான்.

1943 ஜூனில் ஆய்வகத்திலேயே மாரடைப்பு. இரண்டு நாள் கழித்து, 75 வயதில் இறந்தார். அந்தக் கடைசி சர்க்கரை எது என்பதை வால்டர் மார்கனும் வினிஃப்ரெட் வாட்கின்ஸும் 1950-களில்தான் உறுதி செய்தார்கள். சர்க்கரை ஆராய்ச்சியாளரிடம் படித்தவர், அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அவர் பிறந்த ஜூன் 14-தான் இன்று உலக ரத்த தான தினம். ரத்தம் ஏற்றும் முன் ஆஸ்பத்திரியில் 'கிராஸ் மேட்ச்' பண்றாங்களே, அதன் அடிப்படையும் அவர் அன்று செய்த அதே சோதனைதான்.