கல்லறையில் பெயர் வேண்டாம் என்றவர்

ராத்திரி ஹாஸ்டலில் ரூம்மேட் தூங்கிய பிறகு, இயர்போன் மாட்டிக்கொண்டு படம் பார்க்கிறோம் இல்லையா? அந்த இயர்போனையும் ஃபோனையும் சேர்த்து வைக்கிற ப்ளூடூத், 1990-களில் சுவீடனின் எரிக்சன் கம்பெனியில் ஆரம்பித்தது. சில பேர் வீட்டு அலமாரியில் அப்பாவோட பழைய சோனி எரிக்சன் ஃபோன் இன்னும் கிடக்கலாம். இந்தப் பெயர் நமக்கு ஒரு பிராண்ட், அவ்வளவுதான். ஆனால் எரிக்சன் என்று நிஜமாகவே ஒரு மனுஷன் இருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்த பையன், தந்திக் கருவி மெக்கானிக், அப்புறம் ஒரு பெரிய கம்பெனியின் தலைவர். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விவசாயம் பார்க்கப் போனவர்.

லார்ஸ் மாக்னுஸ் எரிக்சன் 1846 மே 5-ல் பிறந்தார். ஊர், நார்வே எல்லையை ஒட்டிய வார்ம்லாந்து பகுதியில் ஒரு சின்ன கிராமம். அவருக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது அப்பா இறந்துவிட்டார். வீட்டில் வசதி கிடையாது. படிப்பு அதோடு நின்றது, பையன் சுரங்க வேலைக்குப் போனான். சேர்த்த காசை எடுத்துக்கொண்டு 1867-ல் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்கு ரயிலேறியபோது வயது 21.

அந்தக் காலத்து ஐடி துறை என்றால் தந்திதான். ஸ்டாக்ஹோமில் தந்திக் கருவிகள் செய்யும் ஓல்லர் என்ற பட்டறையில் வேலை கிடைத்தது. ஆறு வருஷம் அங்கே கை பழகினார். அவர் வேலையைப் பார்த்து, வெளிநாட்டில் போய்க் கற்றுக்கொள்ள அரசாங்கமே இரண்டு முறை உதவித்தொகை கொடுத்தது. 1872-லிருந்து 1875 வரை வெளிநாட்டுப் பட்டறைகளில் வேலை பார்த்தார். அதில் முக்கியமானது பெர்லினின் சீமென்ஸ் - ஹால்ஸ்கே. டிகிரி எதுவும் வாங்கவில்லை. நல்ல கருவியை எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

1876 ஏப்ரலில் பழைய சக ஊழியர் கார்ல் யோஹான் ஆண்டர்சனோடு சேர்ந்து சொந்தப் பட்டறை ஆரம்பித்தார். இடம், ஸ்டாக்ஹோமில் ட்ரோட்னிங்காட்டன் தெருவில் ஒரு வாடகைச் சமையலறை. பரப்பு சுமார் 13 சதுர மீட்டர், அதாவது நம்ம ஹாஸ்டல் ரூம் அளவுக்குத்தான் இருக்கும். முதலீடு, கடன் வாங்கிய 1000 குரோனா. தந்திக் கருவி ரிப்பேர்தான் தொழில்.

அதே 1876-ல்தான் அமெரிக்காவில் கிரகாம் பெல் டெலிஃபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். கொஞ்ச நாளில் பெல்லின் ஃபோன்களும் சீமென்ஸ் ஃபோன்களும் சுவீடனுக்கு வந்தன. வந்தவை ரிப்பேருக்கும் வந்தன. ரிப்பேர் பண்ண வேண்டுமென்றால் கழற்ற வேண்டும். கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறது, எது சீக்கிரம் தேய்கிறது, எங்கே சத்தம் குறைகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். பெல் தன் கண்டுபிடிப்புக்குச் சுவீடனில் காப்புரிமை வாங்கி வைக்கவில்லை. அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் ஃபோன் செய்யலாம். 1878-ல் எரிக்சன் சொந்தமாக ஃபோன் செய்ய ஆரம்பித்தார்.

அதே வருஷம் ஹில்டாவோடு கல்யாணம் ஆனது. ஃபோனுக்குள் இருக்கும் காயிலுக்கு, பட்டு நூல் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். பொறுமையும் நுணுக்கமும் தேவைப்படும் வேலை அது. ஆரம்ப நாட்களில் அந்தக் காயில்களைக் கையால் சுற்றியவர் ஹில்டா. கம்பெனி வரலாறு பேசும்போது இந்தப் பெயரையும் சேர்த்தே சொல்லணும்.

1880-ல் பெல் கம்பெனியே ஸ்டாக்ஹோமில் எக்ஸ்சேஞ்ச் திறந்துவிட்டது. உலகப் பிராண்ட் நேரடியாக வந்து இறங்கிவிட்டது, உள்ளூர்ப் பட்டறை என்ன செய்யும்? பதில் அடுத்த வருஷமே கிடைத்தது. யெவ்லெ என்ற துறைமுக ஊரில் டெலிஃபோன் வசதி போட முடிவு செய்து, பெல் ஃபோனையும் எரிக்சன் ஃபோனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜெயித்தது எரிக்சன். அவர் கருவி எளிமையாகவும் உறுதியாகவும் இருந்தது, பார்க்கவும் நன்றாக இருந்தது. பல பேர் ஃபோனைக் கழற்றிப் பார்த்து, அதன் பலவீனம் தெரிந்து செய்த கைக்கும், மாடலை மட்டும் பார்த்துச் செய்த கைக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

இங்கேதான் இன்னொருவர் வருகிறார். ஹென்ரிக் டோரே செடர்கிரென். இவரும் இன்ஜினியர்தான். குடும்பத்துக்கு நகைக்கடை இருந்தது. கடையையும் வீட்டையும் ஃபோனால் இணைக்கப் போய் அந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது. பெல் கம்பெனி வாங்கிய சந்தா அவருக்கு அநியாயமாகப் பட்டது. பணக்காரர்கள் மட்டும் வைத்துக்கொள்ளும் பொருளாக ஃபோன் இருக்கக் கூடாது, வீட்டுக்கு வீடு வரணும் என்பது அவர் கனவு. 1883-ல் குறைந்த சந்தாவில் போட்டிக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். கருவி யார் கொடுப்பார்கள்? பெல்லிடம் கேட்க முடியாது. எரிக்சனிடம் வந்தார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு வீட்டையும் மற்ற எல்லா வீட்டோடும் நேரடியாக இணைத்தால், 5 வீட்டுக்கு 10 கம்பி போதும். 100 வீடு என்றால் 4950 கம்பி வேண்டும். அதனால்தான் எல்லாக் கம்பியும் ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு வருகிறது, அங்கே ஆபரேட்டர் பெண் யாரோடு யார் பேசணுமோ அவர்களை இணைக்கிறார். ஆனால் சந்தாதாரர் ஆயிரக்கணக்கில் பெருகினால் ஒரு ஆபரேட்டர் கைக்கு எல்லா இணைப்பும் எட்டாது. ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுச் சொல்லி இணைக்க நேரம் போகும், தப்பும் வரும். இதற்கு வழி, மல்டிபிள் ஸ்விட்ச்போர்டு. எல்லாச் சந்தாதாரர்களின் துளைகளும் போர்டின் ஒவ்வொரு பகுதியிலும் திரும்பத் திரும்ப இருக்கும். எந்த ஆபரேட்டரும் தன் இடத்தை விட்டு நகராமல் யாரையும் இணைத்துவிடலாம். அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி வைத்திருந்த இந்த வடிவமைப்பை, 1884-ல் எரிக்சன் கிட்டத்தட்ட அப்படியே செய்தார். அதற்கும் சுவீடனில் காப்புரிமை இல்லை, எனவே சட்டப்படி தப்பில்லை.

காப்பி அடித்தார் என்று சொல்லலாமா? சொல்லலாம், அவரே அதை மறைக்கவில்லை. காப்புரிமை மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. சட்டம் ரொம்பக் கெடுபிடியாக இருந்திருந்தால் தன் பட்டறையே எழுந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். பின்னாளில் நார்வேக்காரர்கள் அவர் ஃபோனைக் காப்பி அடித்தபோது அவர் கண்டுகொள்ளவே இல்லை. தான் எடுத்ததை மற்றவன் எடுக்கும்போது சத்தம் போடாத நேர்மை அது.

செடர்கிரெனின் குறைந்த சந்தாவும் எரிக்சனின் உறுதியான கருவியும் சேர்ந்தன. 1885 வாக்கில் உலகத்திலேயே அதிக டெலிஃபோன் உள்ள நகரம் ஸ்டாக்ஹோம். லண்டனும் இல்லை, நியூயார்க்கும் இல்லை! ஊருக்கு நடுவே கூரை மேல் ஒரு பெரிய டெலிஃபோன் கோபுரம் நின்றது, சுமார் 5000 கம்பிகள் நாலா பக்கமிருந்தும் வந்து அதில் முடிந்தன. பேசும் பகுதியையும் கேட்கும் பகுதியையும் ஒரே கைப்பிடியில் சேர்த்த ரிசீவரையும் அந்த நாட்களில் எரிக்சன் பட்டறை உற்பத்தி செய்ய ஆரம்பித்தது. ஃபோன் ஐகான் என்று இன்றைக்கும் நம்ம ஸ்க்ரீனில் பச்சையாகத் தெரிவது அந்த உருவம்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவு செய்தவருக்கு எல்லாருக்கும் ஃபோன் என்ற கனவில் நம்பிக்கை இல்லை. ஃபோன் என்பது வேலையில்லாத வசதிக்காரர்கள் விளையாடும் பொம்மை, சாதாரண ஆட்களுக்கு எதற்கு என்பதுதான் அவர் எண்ணம். கருவியின் ஒவ்வொரு ஸ்க்ரூவும் தெரிந்தவருக்கு, அந்தக் கருவி ஊரை என்ன செய்யப்போகிறது என்று தெரியவில்லை. அதைப் பார்த்தவர் நகைக்கடை வீட்டுப் பையன். ஆனால் செடர்கிரென் கையில் கனவு மட்டும் இருந்து, நாலு மாதத்தில் கெட்டுப்போகிற ஃபோன் இருந்திருந்தால் அந்தக் கனவும் நாலு மாதத்தில் முடிந்திருக்கும். ப்ராஜெக்ட் டீம் சேர்க்கும்போது நம்மை மாதிரியே யோசிக்கும் ஆளைத்தான் தேடுகிறோம். இவர்கள் இரண்டு பேரும் எதிரெதிராக யோசித்தவர்கள், அதனால்தான் வேலை நடந்தது.

பட்டறை தொழிற்சாலை ஆனது. 1896-ல் லிமிடெட் கம்பெனி ஆனது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொழிற்சாலை வந்தது. 1900 வாக்கில் சுமார் 1000 பேர் வேலை பார்த்தார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர் மனசு பட்டறை மேஜையில்தான் இருந்தது. வேலையில் கறார் என்று பெயர், ஆனால் தொழிலாளிகள் மதித்தார்கள். தன்னைப் பற்றி யாரும் புகழ்ந்து எழுதுவது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

கம்பெனி உச்சத்தில் இருந்த 1900-ல், 54 வயதில், தலைவர் பதவியை விட்டார். 1905-க்குள் கையிலிருந்த பங்குகள் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே பண்ணை வாங்கி விவசாயத்தில் இறங்கினார். சண்டை போட்டு வெளியேறிய கதை இல்லை. தன் கைக்கு அடங்கும் அளவை அது தாண்டிவிட்டது, இனி வேறு ஆட்கள் பார்க்கட்டும் என்று நகர்ந்த மாதிரிதான் தெரிகிறது.

விட்டாலும் கை சும்மா இருக்குமா? 1910 வாக்கில் ஹில்டாவோடு காரில் கிராமப்புறம் சுற்றும்போது, காரில் ஒரு ஃபோன் வைத்துக்கொண்டார். வழியில் டெலிஃபோன் கம்பி தெரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டியது, இரண்டு நீளக் கழிகளால் கம்பியில் கொக்கி மாட்ட வேண்டியது, பக்கத்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட வேண்டியது. கார் ஃபோன் என்று சொல்லப்படும் கதைகளில் இது ரொம்பப் பழையது. பொம்மை என்று சொன்னவர், கடைசிவரை அந்தப் பொம்மையைக் கீழே வைக்கவில்லை.

1918-ல், செடர்கிரென் தொடங்கிய கம்பெனியும் எரிக்சன் தொடங்கிய கம்பெனியும் ஒன்றாக இணைந்தன. செடர்கிரென் அதற்கு முன்பே, 1909-ல் இறந்துவிட்டார். எரிக்சன் 1926 டிசம்பர் 17-ல், 80 வயதில் காலமானார். தன் கல்லறைக்குக் கல் எதுவும் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். பொட்ஷிர்காவில் அவரைப் புதைத்த இடத்தில் பெயர் கிடையாது. அவர் விற்றுவிட்டுப் போன கம்பெனியின் வாசலில்தான் இன்னும் அந்தப் பெயர் இருக்கிறது.