தீவில் வாழ்ந்த சமையற்காரி

நம் சங்க இதழில் பெரியோர் வாழ்க்கை வரலாறுகள் தவறாமல் வெளிவருகின்றன. கவிஞரும் தலைவரும் விஞ்ஞானியும் அவற்றில் இடம் பெறுகின்றனர். இம்முறை நான் எழுதப் புகுவது ஒரு சமையற்காரியின் வரலாறு. அவர் நாட்டை ஆளவில்லை, நூல் எழுதவில்லை, புதுமை எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் உலகம் அவர் பெயரை அறியும். டைபாய்டு மேரி என்று ஏளனமாக அழைக்கப்பட்ட மேரி மாலன் அம்மையாரே அவர்.

ஹிஞ்சேவாடியில் விடுதிச் சோறு உண்டு வாழும் நமக்கு இவ்வரலாறு தொலைவானது அன்று. நம் தட்டில் விழும் சோறும் சப்பாத்தியும், ஊரை விட்டுப் பிழைப்புத் தேடி வந்த யாரோ ஒருவரின் கைகளால் ஆனவை. மேரியும் அவ்வாறு வந்தவரே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிம்ப்ரித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த என் தந்தையும் அவ்வாறு வந்தவரே. இவ்வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அயர்லாந்தின் வடபகுதியில் குக்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் மேரி பிறந்தார். அந்நாளில் வறுமை அந்நாட்டு மக்களைக் கப்பல் கப்பலாகக் கடல் கடத்திக்கொண்டிருந்தது. பதினைந்து வயதளவில் மேரியும் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் உறவினர் வீட்டில் தங்கிப் பின் வீட்டு வேலைகளில் அமர்ந்தார். அவர் கையில் நல்ல சுவை இருந்தது. ஆதலால் செல்வர் வீடுகளில் சமையற்காரியாக உயர்ந்தார். வேலைக்காரப் பெண்களுள் சமையற்காரிக்கே கூலி மிகுதி. அவர் தனக்கென ஈட்டிய மதிப்பு அது ஒன்றுதான்.

1906ஆம் ஆண்டுக் கோடையில் ஆய்ஸ்டர் பே என்னும் கடற்கரையூரில் ஒரு வங்கிச் செல்வரின் குடும்பம் வாடகை வீட்டில் தங்கியிருந்தது. அங்கிருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டுக் காய்ச்சல் கண்டது. வீட்டுச் சொந்தக்காரருக்கு அச்சம். நோய் வந்த வீட்டை அடுத்த ஆண்டு யார் வாடகைக்கு எடுப்பார்? ஆகவே ஜார்ஜ் சோப்பர் என்னும் சுகாதாரப் பொறியியலாளரைத் துப்புத் துலக்க அமர்த்தினார். சோப்பர் தண்ணீரையும் பாலையும் ஆராய்ந்தார், குற்றம் காணவில்லை. பின்பு, நோய் தோன்றுவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு புதிய சமையற்காரி வந்ததையும், நோய் தோன்றியபின் அவர் வேலையை விட்டுச் சென்றதையும் அறிந்தார். அவர் முன்பு வேலை செய்த வீடுகளைத் தேடிச் சென்றார். எட்டுக் குடும்பங்களில் ஏழில் டைபாய்டு வந்திருந்தது.

சமைத்த உணவில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அடுப்பின் சூடு கிருமியைக் கொல்வது உண்மையே. ஆனால் மேரி செய்த இனிப்பு ஒன்று வீட்டாருக்கு மிகவும் பிடிக்கும். பச்சையாக நறுக்கிய பீச்சுப் பழம் கலந்த ஐஸ்கிரீம் அது. அதற்கு அடுப்பு ஏது?

டைபாய்டுக் கிருமி தாக்கியவர்களுள் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேர் வரை, நோய் நீங்கிய பின்னும் கிருமியைச் சுமந்து திரிவர். அது பெரும்பாலும் பித்தப்பையில் குடிகொள்ளும், மலத்தோடு வெளிவரும், சரியாகக் கழுவாத கையின் வழியே உணவை அடையும். சுமப்பவருக்குக் காய்ச்சலும் இராது, களைப்பும் இராது. இத்தகையோர் உண்டு என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எடுத்துக்காட்டியிருந்தார். வைத்தியர்களுக்கே புதிதாயிருந்த செய்தி அடுப்படிக்கு எட்டியிருக்குமா?

1907இல் சோப்பர் மேரியின் அடுப்படிக்கே சென்று, அவர் நோய் பரப்புவதாகக் கூறி, மலமும் சிறுநீரும் இரத்தமும் கேட்டார். முன்பின் அறியாத ஓர் ஆடவன் ஒரு பெண்ணிடம் கேட்ட கேள்வி இது. மேரி இறைச்சி குத்தும் பெரிய முள்ளை எடுத்துக்கொண்டு அவரைத் துரத்தினார். பின்னர் சுகாதார இலாகாவைச் சேர்ந்த ஜோசபின் பேக்கர் என்னும் பெண் டாக்டர் போலீசாருடன் வந்தார். சில மணி நேரம் மறைந்திருந்த மேரியைத் தேடிப்பிடித்து வண்டியில் ஏற்றினர். சோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது. நார்த் பிரதர் என்னும் தீவில், தொற்றுநோய் மருத்துவமனையை ஒட்டிய ஒரு சிறு வீட்டில் அவரை வைத்தனர். வழக்கும் இல்லை; விசாரணையும் இல்லை.

தீவில் அவரிடமிருந்து 163 முறை எடுத்த மலத்தில் 120 முறை கிருமி தென்பட்டது. மற்ற முறைகளில் தென்படவில்லை. மேரி தாமே தனியார் கூடம் ஒன்றுக்கு அனுப்பிச் சோதித்தபோதும் தென்படவில்லை. கிருமி நாள்தோறும் ஒரே அளவில் வெளிவருவதில்லை. சில வாரம் வரும், சில வாரம் வராது. விஞ்ஞானிக்கு இது இயல்பான செய்தி. அடைபட்டிருந்த மேரிக்கோ, தாம் குற்றமற்றவர் என்பதற்குச் சான்று. 1909இல் கோர்ட்டை நாடினார், தோற்றார். 1910இல் புதிய சுகாதார அதிகாரி மனம் இரங்கி, இனிச் சமையல் வேலை செய்வதில்லை என்ற உறுதியின் பேரில் அவரை விடுவித்தார். சலவை வேலை ஒன்றும் கிடைத்தது. அதில் கூலி குறைவு.

பின் சில ஆண்டுகளில் மேரி அதிகாரிகளின் கண்ணிலிருந்து மறைந்தார். 1915இல் நியூயார்க்கில் ஒரு மகப்பேற்று மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு கண்டது, இருவர் இறந்தனர். அங்கே மேரி பிரவுன் என்ற பெயரில் சமைத்துக்கொண்டிருந்தவர் மேரி மாலனே. இச்செயலை நான் மறைக்க விரும்பவில்லை. முதல் முறை அவர் அறியாமல் செய்தார். இம்முறை அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. கொடுத்த வாக்கும் இருந்தது. மீண்டும் அதே தீவு. 1932இல் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. 1938 நவம்பர் 11ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். ஆக 26 ஆண்டுகள் சிறை. அந்நகரில் அவரைப் போன்ற சுமப்போர் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டிருந்தனர். அவரைவிட மிகுதியானவர்களுக்கு நோய் தந்த ஆடவரும் இருந்தனர். அவர்கள் எவரும் இவ்வாறு ஆயுள் முழுதும் அடைக்கப்படவில்லை.

இனி என் காரணத்தைச் சொல்கிறேன். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் என் தந்தைக்குக் காய்ச்சல் கண்டது. வீட்டார் அனைவரும் சோதனை செய்துகொண்டோம். எனக்கும் கொரோனா இருப்பதாக முடிவு வந்தது. எனக்கோ ஒரு தும்மல்கூட இல்லை. முந்திய வாரம் முழுதும் எங்கள் ஆச்சிக்கு நான்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அருகிலிருந்து பத்திரிகை படித்துக் காட்டினேன். ஆச்சி மருத்துவமனைக்குச் சென்றார், திரும்பவில்லை. ஊர் சுற்றும் பையன் கொண்டுவந்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உடம்பில் நோயே இல்லாத என்னைப் பழிப்பதா என்று எனக்குச் சினம் பொங்கியது. பின்னர் மேரியின் வரலாற்றைப் படித்தபோது அச்சினத்தை அங்கே கண்டேன். முள்ளை ஓங்கிய கை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

நுண்ணுயிரியல் மாணவனாக நான் பின்பு கற்றது இது. கொரோனா உற்றவர் நோய்க்குறி தோன்றுவதற்கு இரண்டொரு நாள் முன்பே பிறருக்குத் தொற்றச் செய்யலாம். இறுதிவரை குறியே தோன்றாதவர், சராசரியாக, இருமுபவரை விடக் குறைவாகவே பரப்புவர். ஆனால் அறவே பரப்பாதவர் அல்லர். பி.சி.ஆர். சோதனை வைரசின் மரபுப்பொருளைக் காண்பது. அது பல வாரம் காட்டக்கூடும். உயிருள்ள வைரஸ் எளிய நோயுற்றோரிடம் பெரும்பாலும் பத்து நாளுக்குமேல் கிடைப்பதில்லை. மேரியின் சுமை ஆயுள் முழுதும். என் சுமை சில நாள். புனேயில் 2020 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஐந்து வட்டாரங்களில் 1,664 பேரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, 51.5 விழுக்காட்டினரிடம் கொரோனா வந்துபோன அடையாளம் இருந்தது. அவர்களுள் மிகப் பலர் அதை அறியாதவரே. அவர்களை எல்லாம் எந்தத் தீவில் வைப்பது?

ஆச்சிக்கு நோய் என்னிடமிருந்து வந்ததா, தந்தையிடமிருந்து வந்ததா, தடுப்பூசி வரிசையில் நின்றபோது வந்ததா? இனி எந்தச் சோதனையும் அதைச் சொல்லாது. என்னிடமிருந்து வந்திருக்கலாம் என்பதை இப்போது நான் மறுப்பதில்லை. அறியாமற் சுமந்தது குற்றம் அன்று. அறிந்தபின் ஒதுங்கியிருப்பது கடமை. நான் பதினான்கு நாள் ஓர் அறையில் இருந்தேன். வேளைக்கு வேளை வாசலில் சோறு வந்தது. ஆதலால் கடமையைச் செய்வது எனக்கு எளிதாயிற்று. மேரியிடமிருந்து தொழிலைப் பறித்தவர்கள், அத்தொழில் தந்த வாழ்வுக்கு ஈடாக எதையும் தரவில்லை. பசித்தவருக்குக் கடமையை மட்டும் போதிப்பது எளிது.

நண்பர்களே! நம் உணவுக்கூடத்தில் ரொட்டி சுடுபவருக்கு நாளை வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ கண்டால், அதை அவர் வாய்விட்டுச் சொல்வாரா? சொன்னால் அன்றைய கூலி போகும் என்றால் சொல்லமாட்டார். நம் சங்கம் பொங்கல் விழாவுக்குத் திரட்டும் நிதியில் ஒரு சிறு பங்கை, நோயுற்று ஒதுங்கும் சமையற் பணியாளரின் கூலிக்கென ஒதுக்குமாறு வேண்டுகிறேன். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். ஆதரிப்போர் முன்வருக.