துண்டுகளுக்கும் கணக்கு வைத்த ஜே.ஜே. தாம்சன்

எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தவர் என்றுதான் சர் ஜே.ஜே. தாம்சனை நமக்குத் தெரியும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மாணவர்களைப் படாதபாடு படுத்தும் மாஸ் ஸ்பெக்ட்ரத்துக்கும் அவர்தான் மூலவர் என்பது பலருக்குத் தெரியாது.

1856-ல் மான்செஸ்டரில் ஒரு புத்தகக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். பையனை என்ஜினீயராக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. 14 வயதில் ஓவன்ஸ் கல்லூரியில் சேர்த்தார்கள். 16 வயதில் அப்பா போய்விட்டார். கம்பெனியில் தொழில் பழக அந்தக் காலத்தில் முன்பணம் கட்ட வேண்டும். அதற்கு வீட்டில் வசதியில்லை. என்ஜினீயர் கனவு அதோடு சரி. ஸ்காலர்ஷிப்பை நம்பி 1876-ல் கேம்பிரிட்ஜ் போனார். 28 வயதில் கேவண்டிஷ் பேராசிரியர்! 1906-ல் நோபல் பரிசு. ஆனால் கைவேலை மட்டும் அவருக்கு வராது. கருவிகளைச் செய்து கொடுத்தவர் உதவியாளர் எவரெட்.

நோபலோடு ஓய்ந்துவிடவில்லை. வாயுக் குழாயில் உண்டாகும் பாசிட்டிவ் அயனிகளை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்து, போட்டோ தட்டில் விழ வைத்தார். நிறைக்கு ஒரு கோடு விழுந்தது. மீத்தேனின் 16-ஓடு நிற்கவில்லை. ஹைட்ரஜன் ஒவ்வொன்றாகக் கழன்ற 15, 14, 13 என்ற துண்டுகளும் தெரிந்தன. நியானில் 20-க்குப் பக்கத்தில் 22 வந்தது. அதைத் தொடர்ந்து ஆராய்ந்த அவரது உதவியாளர் ஆஸ்டன் 1922-ல் நோபல் வாங்கினார்.

துளியூண்டு பொருள் போதும், சுத்தம் செய்யக்கூட வேண்டாம், வேதியியலார் இதைப் பயன்படுத்தலாமே என்று 1913-ல் புத்தகமே எழுதினார் தாம்சன். அவர்களோ பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1940-களில் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகள் ஹைட்ரோகார்பன் கலவைகளை அலச இந்தக் கருவியை வாங்க ஆரம்பித்த பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1940 ஆகஸ்ட் 30 அன்று காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமானார்.

தம்பி, தங்கைகளே! எத்தனால் ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். மூலக்கூறு பீக் 46. அது குட்டையாக இருக்கும். எல்லாவற்றிலும் உயரமானது 31. இதென்ன வேண்டாத பீக் என்று ஒதுக்காதீர்கள். 46-லிருந்து 31-ஐக் கழித்தால் 15, அதாவது மெத்தில் கழன்றிருக்கிறது. மிச்சம் நிற்பது ஆக்ஸிஜன் ஒட்டியிருக்கும் பாதி. எதிரில் இருப்பது ஆல்கஹாலாக இருக்கலாம் என்று அந்தத் துண்டே காட்டிக்கொடுத்துவிடும். வைவாவில் கேட்டால் முழிக்க வேண்டாம், கழித்தல் தெரிந்தால் போதும்!