லூசி வில்ஸ் அம்மையார்

குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தை வெறிநாய்க்கடி மருந்தோடு மட்டுமே சேர்த்து எண்ணி வந்தோம். அவ்விடத்தின் மற்றொரு பெருமையை நாம் அறிந்தது, கூடலூர்ப் பழங்குடியினர் சிலர் உண்ணும் ஒரு சிறு மாத்திரையைப் பற்றி விசாரித்தபொழுதேயாம். பணியர், குறும்பர் முதலியோரிடையே அரிவாள் செல் இரத்தசோகை என்னும் பரம்பரை நோய் உண்டு. செவ்வணுக்கள் விரைந்து அழிவதால், புதியன உண்டாதற்பொருட்டு அந்நோயாளருக்கு ஃபோலிக் அமிலம் அளிக்கின்றனர். அவ்வமிலத்தை உலகம் அறிதற்கு வழி திறந்தவர் லூசி வில்ஸ் அம்மையார்.

இவர் 1888இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கருகே பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவர நூலும் நில நூலும் கற்று 1911இல் தேறினார். ஆயின் பட்டம் பெற்றிலர். பெண்களுக்குப் பட்டமளிக்க அச்சர்வகலாசாலை 1948 வரை இசையவில்லை! பின்னர் லண்டனில் வைத்தியம் பயின்று 1920இல் மருத்துவரானார்.

1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற மாதர் பலர் கொடிய இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தனர். அவர்தம் இரத்தத்தில் செவ்வணுக்கள் எண்ணிற் குறைந்து உருவிற் பருத்திருந்தன. கிருமியே காரணமோ என ஆராய்ந்தவர், அவர்கள் உண்ட உணவையே இறுதியில் ஐயுற்றார். 1929இல் குன்னூருக்கு வந்து, உணவாராய்ச்சித் தலைவர் மக்காரிசன் இருந்த பாஸ்டர் நிலையத்தில் எலிகளையும் குரங்குகளையும் கொண்டு சோதனை நடத்தினார். ஈஸ்டுச் சாரமாகிய மார்மைட் நோயைத் தீர்த்தது. விலை மலிந்த பண்டம், ஏழைக்கும் எட்டுவது. 1931இல் இம்முடிவு வெளியாயிற்று.

இதனினும் அரியது ஒன்றுண்டு. வேறுவகைக் கொடிய சோகையைத் தீர்த்த சுத்திகரித்த ஈரற்சாரம் இம்மாதருக்குப் பயன்படவில்லை. ஆதலின் ஈஸ்டிலுள்ளது வேறொரு பொருள் என அம்மையார் தெளிந்தார். அப்பொருளே 1941இல் கீரையினின்று பிரிக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னையில் வைத்தியம் கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவினர் அமெரிக்காவில் 1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கினர். ஈரற்சாரத்தின் பொருள் பி12 வைட்டமின் என்பது 1948இல் வெளிப்பட்டது.

இரண்டு குறைகள் இரத்தத்தில் ஒரே தோற்றங் காட்டுவானேன்? மெதியோனின் என்னும் அமினோ அமிலம் நமக்கு உணவினின்றே கிடைக்க வேண்டுவது. அதனைச் செலவிட்டபின் எஞ்சும் ஹோமோசிஸ்டீனை மீண்டும் மெதியோனினாக்கும் நொதியொன்று உடலில் உண்டு. ஃபோலேட் சுமந்துவரும் மீதைல் என்னும் சிறு மூட்டையை, அந்நொதியிலுள்ள பி12 இறக்கி வாங்கி ஹோமோசிஸ்டீனிடம் சேர்க்கிறது. பி12 இன்றேல் ஃபோலேட் இறக்காத சுமையோடு தேங்கிவிடும். புதிய செல்களுக்குரிய டி.என்.ஏ. ஆக்கத்துக்கு உதவாது. ஃபோலேட்டே இல்லாவிடினும் அதே கதி.

அம்மையார் 1937இல் மறுபடியும் குன்னூருக்கு வந்து உழைத்தார், 1964இல் காலமானார். அவர் பிரித்துக் காட்டிய வேற்றுமை இன்றும் உயிர்ப்பிரச்சினையே. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறும். நரம்போ உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். ஊனும் பாலும் அரிதான குடும்பங்களில் இவ்வபாயம் மிகுதி. ஆதலின் அணு பருத்த சோகை கண்டவிடத்து, குறைந்தது இரண்டில் எது என்று மருத்துவர் முதலில் சோதிக்கின்றனர்.