மகன் முகம் காணாத தந்தை – புனித பிலிப் ஹோவர்ட்

டியூடர் மன்னர்கள் காலத்து இங்கிலாந்தில் அரச குடும்பத்திற்கு அடுத்தபடியாகப் பேசப்பட்டது ஹோவர்ட் குடும்பம். எட்டாம் ஹென்றியின் மனைவியரில் ஆன் போலினும் கேத்தரின் ஹோவர்டும் இக்குடும்பத்தின் இரத்த உறவினர்கள். இருவருமே தலை வெட்டப்பட்டு இறந்தார்கள். கவிஞரான ஹென்றி ஹோவர்டுக்கு 1547-இலும், அவர் மகன் தாமசுக்கு 1572-இலும் அதே முடிவு நேர்ந்தது. அந்தத் தாமசின் மகன்தான் நம் புனிதர்.

பிலிப் 1557-இல் பிறந்தார். ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் இவருடைய ஞானத்தந்தை, பெயரும் அவருடையதே. கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றாலும் புராட்டஸ்டண்டு முறையில் வளர்க்கப்பட்டார். அவரது இளமையில் புனிதத்தின் சாயலே இல்லை. அரசி எலிசபெத்தின் தயவைத் தேடி அரண்மனையே கதியென்று கிடந்தார். கடன் ஏறியது. சிறுவயதில் மணமுடித்த மனைவி ஆனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

1581-இல் லண்டன் கோபுரச் சிறையில் ஒரு விவாதத்தைக் காணச் சென்றார். சித்திரவதைக்கு உள்ளாகியிருந்த இயேசு சபைக் குரு எட்மண்ட் காம்பியன், கையில் நூல்கள்கூட இன்றி, எதிர்த்தரப்பு அறிஞர்களுக்கு விடையளித்துக் கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த பிரபுவின் உள்ளம் கலங்கியது. மனைவியிடம் திரும்பினார். ஆன் அவருக்கு முன்பே கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவி, அதற்காகக் காவலிலும் வைக்கப்பட்டவர். 1584-இல் பிலிப்பும் திருச்சபையோடு ஒப்புரவானார்.

அடுத்த ஆண்டு நாட்டைவிட்டு வெளியேற முயன்றபோது கடலில் பிடிபட்டுக் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். 10,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. சில மாதங்களில் மகன் பிறந்தான். ஸ்பெயின் கப்பற்படையின் வெற்றிக்காக மன்றாடினார் என்ற குற்றச்சாட்டில் 1589-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அரசி அதை நிறைவேற்றவும் இல்லை, நீக்கவும் இல்லை. எந்த நாளும் கடைசி நாளாகலாம் என்ற நிலையில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. செபமும் நோன்புமே அவருக்குத் துணை. ஆனின் வீட்டில் மறைந்து வாழ்ந்த குரு ராபர்ட் சவுத்வெல் அவருக்கு ஆறுதல் கடிதங்கள் எழுதினார். அவ்விருவரும் ஒருபோதும் நேரில் சந்தித்ததில்லை!

1595-இல் வயிற்றுக்கடுப்பால் மரணப்படுக்கையில் விழுந்தார். மனைவியையும் மகனையும் ஒருமுறை பார்க்க அனுமதி கேட்டார். புராட்டஸ்டண்டு ஆராதனையில் ஒரேயொரு முறை கலந்துகொண்டால் போதும், குடும்பத்தோடு பட்டமும் சொத்தும் திரும்பக் கிடைக்கும் என்று அரசியிடமிருந்து பதில் வந்தது. பத்து வயது மகனின் முகத்தை அதுவரை அவர் கண்டதில்லை. வாளுக்குத் தலை கொடுப்பதைவிடக் கடினமான சோதனை இதுவென்றே தோன்றுகிறது. பிலிப் மறுத்துவிட்டார். அக்டோபர் 19 அன்று, 38-ஆம் வயதில் இறந்தார். சிறை வளாகத்து ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், இங்கிலாந்து மற்றும் வேல்சின் நாற்பது மறைசாட்சிகளுள் ஒருவராக இவரைப் புனிதராக உயர்த்தினார். இன்று ஆருண்டல் பேராலயத்தில் அவரது உடல் துயில்கொள்கிறது. அது லண்டனிலிருந்து ஆருண்டலுக்கு முதலில் வந்தது 1624-இல். அதற்கு மன்னரிடம் அனுமதி பெற்றவர்கள் விதவை ஆனும், அதற்குள் இங்கிலாந்து அரச திருச்சபையில் சேர்ந்துவிட்டிருந்த மகன் தாமசும்.