மகஜர் எழுதிய முதியவர்

யூலை மாதம் பிறந்தால் அவுஸ்திரேலியாவின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் ஒரு வாரத்துக்கு விழாக்கோலம் காணலாம். மேலே கறுப்பும் கீழே சிவப்பும் நடுவே மஞ்சள் வட்டமும் கொண்ட கொடியை ஏந்தி மக்கள் ஊர்வலம் போவார்கள். பாடசாலைகளில் ஓவியப் போட்டிகள் நடக்கும். மூதாட்டிமார் பிள்ளைகளைச் சுற்றி இருத்திப் பழங்கதை சொல்வார்கள். மைதானங்களில் அமைத்த கூடாரங்களில் இலவச மருத்துவப் பரிசோதனையும் சட்ட ஆலோசனையும் கிடைக்கும். இன்னொரு பக்கத்தில் ஆதிக்குடி இளைஞர் யுவதிகளைத் தொழிலுக்குச் சேர்க்க வந்தவர்கள் விண்ணப்பப் படிவங்களோடு மேசை போட்டு அமர்ந்திருப்பார்கள்.

அந்த வாரத்துக்கு வித்திட்டவர் ஓர் ஏழை முதியவர். தம் எழுபதாவது வயதைத் தாண்டிய பிறகு மெல்பேர்ன் நகரின் தொழிலாளர் பகுதியொன்றில் குடியேறி, ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். வில்லியம் கூப்பர் என்பது அவர் பெயர்.

மரே ஆறும் கோல்பேர்ன் ஆறும் கூடும் இடத்தை அண்டிய நிலம் யோர்ட்டா யோர்ட்டா மக்களுக்கு உரியது. மீனும் நீர்ப்பறவையும் நிறைந்த சதுப்பு நிலம் அது. ஆற்றோரமெங்கும் பெரிய யூக்கலிப்டஸ் காடுகள். 1860ஆம் ஆண்டளவில் கூப்பர் அங்கே பிறந்தபோது அந்நிலம் வெள்ளையரின் ஆட்டுப் பண்ணைகளாக மாறிவிட்டிருந்தது. வந்தவர்களோடு வந்த நோய்கள் கூட்டங் கூட்டமாக மக்களைக் கொண்டுபோயிருந்தன. மிஞ்சியவர்கள் தங்கள் சொந்த மண்ணிலேயே பண்ணை வேலையாட்களாகப் பிழைத்தார்கள்.

கூப்பரும் சிறுவனாக இருக்கும்போதே மொய்ரா பண்ணையில் வேலைக்கு நின்றார். பண்ணையின் உரிமையாளர் ஜோன் ஓஷனஸி. விக்டோரியாவின் முதலமைச்சராக மூன்று முறை இருந்தவர். அவர் சிறுவனை மெல்பேர்னிலுள்ள தம் மாளிகைக்கும் கொண்டுபோய்க் குதிரை வண்டி வேலையில் வைத்தார். அதிகாரம் எங்கே இருக்கிறது, அது எப்படி நடமாடுகிறது என்பதை அந்தப் பிள்ளை குதிரைலாயத்தின் பக்கமிருந்து பார்த்திருக்க வேண்டும்.

1874இல் டானியல் மத்தியூஸ் என்பவரும் அவர் மனைவி ஜெனற்றும் மரே ஆற்றங்கரையில் மலோகா என்ற இடத்தில் ஒரு மிஷன் குடியிருப்பைத் தொடங்கினார்கள். அவ்வாண்டே கூப்பர் தம் தாயோடும் உடன்பிறந்தாரோடும் அங்கே வந்தார். எழுத்துகளை அவர் விரைவாகப் பிடித்துக்கொண்டதை மத்தியூஸ் வியந்து குறித்து வைத்திருக்கிறார். ஆனால் அங்கே தொடர்ந்து இருந்து படிக்க வசதி ஏது? வேலை தேடிப் போவதும் திரும்பி வருவதுமாகவே அவருடைய இளமை கழிந்தது.

அவர் வாழ்க்கையில் ஒரு ஆசிரியர் வருகிறார். அவரைப் பற்றிச் சற்று நின்று சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 1881இல் மலோகா பாடசாலைக்குப் படிப்பிக்க வந்த தோமஸ் ஜேம்ஸ், மொரீசியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். குடும்பப் பெயர் பீர்சாஹிப். அவுஸ்திரேலியாவில் அந்தப் பெயரைக் கைவிட்டு ஜேம்ஸ் என்று மட்டும் வழங்கினார். பீர்சாஹிப் என்ற பெயர் நம் காதுக்கு அந்நியமானதா? இந்து சமுத்திரத்தில் எங்கேயோ தொடங்கிய ஒரு பயணம் மரே ஆற்றங்கரையின் மரப்பலகைப் பள்ளிக்கூடத்தில் போய் முடிந்திருக்கிறது. அவர் கூப்பரின் சகோதரி ஏடாவை மணந்து மைத்துனராகவும் ஆனார். பல ஆண்டுகள் அம்மக்களோடு இருந்து, பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்கும் எழுத்தறிவித்தார். பிற்காலத்தில் உரிமைக்காக எழுந்து நின்ற ஆதிக்குடித் தலைவர்களுள் எத்தனை பேர் அவருடைய வகுப்பிலிருந்து வந்தவர்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

எழுதத் தெரிந்ததும் அம்மக்கள் செய்த முதற் காரியங்களுள் ஒன்று மகஜர் எழுதியது. 1881இல் மலோகா ஆண்கள் நாற்பத்திரண்டு பேர் பெயரிட்டு, உழுது பயிரிட நிலம் தரும்படி நியூ சவுத் வேல்ஸ் ஆளுநருக்கு விண்ணப்பித்தார்கள். 1887இல் மற்றொரு மகஜர் போயிற்று. குடும்பத்துக்கு நூறு ஏக்கர் என்பது அதன் கோரிக்கை. அவ்வாண்டு கூப்பரும் தமது தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு நிலம் கேட்டுக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறோ இருபத்தேழோ. இலவச மாவும் சீனியும் தேயிலையும் போர்வையும் தருவதற்கு அரசு தயாராக இருந்தது. உழைத்துச் சாப்பிட ஒரு துண்டு நிலம் கேட்டபோதுதான் தயங்கியது.

1888இல் மலோகா மக்கள் பலர் ஆற்றுக்கு மேற்புறமாகச் சில மைல் தள்ளியிருந்த கமராகுஞ்சா என்ற அரச ஒதுக்கிடத்துக்கு மாறினார்கள். கூப்பரும் போனார். அங்கே சில குடும்பங்களுக்குச் சிறு நிலத்துண்டுகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. காட்டை வெட்டி, வேலியடித்து, கோதுமை விதைத்தார்கள். இப்படி அவர்கள் தங்கள் கையால் திருத்திய நிலத்தை 1907இல் ஆதிக்குடிகள் பாதுகாப்புச் சபை திருப்பி எடுத்துக்கொண்டது. சபையின் பெயரில் உள்ள பாதுகாப்பு என்ற சொல்லை அம்மக்கள் என்ன மனநிலையோடு உச்சரித்திருப்பார்கள்!

ஆண்களுக்கு மிஞ்சியது ஊர் ஊராகப் போகும் கூலி வேலை. கூப்பர் செம்மறி உரோமம் கத்தரித்தார், மந்தை ஓட்டினார், முரட்டுக் குதிரைகளைப் பழக்கினார். உரோமம் கத்தரிப்போர் சங்கத்திலும் பின்னர் பெரிய தொழிற்சங்கத்திலும் உறுப்பினராகி, நியூ சவுத் வேல்ஸிலும் குவீன்ஸ்லாந்திலும் விக்டோரியாவிலும் சக தொழிலாளருக்காகப் பேசினார். சங்கத்தில் இருந்தபோது அவர் கண்ட ஒன்றுண்டு. ஒரே கொட்டிலில் ஒரே கத்தரியைப் பிடிக்கும் இருவருக்கு ஒரே கூலி கிடைக்க வேண்டுமானால், அதை யாராவது எழுந்து நின்று கேட்க வேண்டும்.

பெண்களின் நிலை இன்னும் கொடியது. 1915இல் வந்த சட்டத் திருத்தம், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்கும் அதிகாரத்தைச் சபைக்கு மிகத் தாராளமாக வழங்கியது. கூட்டமுந்திரா என்ற ஊரில் இருந்த விடுதியில் சிறுமிகளுக்குத் துவைக்கவும் துடைக்கவும் பரிமாறவும் பழக்கி, வெள்ளையர் வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். சம்பளத்தின் பெரும்பகுதி சபையின் பொறுப்பில் தங்கிவிடும். ஆதிக்குடிப் பெண்பிள்ளை ஒருத்திக்கு அரசு காட்டிய தொழில்வாய்ப்பு அவ்வளவே. தாதியாகவோ ஆசிரியையாகவோ வர அவளுக்கு வழி இருக்கவில்லை. 1917இல் பதின்மூன்று வயதில் இவ்வாறு கொண்டுபோகப்பட்ட மார்கரெட் டக்கர், பிற்காலத்தில் கூப்பரின் சங்கத்தில் முன்னணியில் நின்றார். 1977இல் தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வெளியிட்டார்.

அதே 1917இல் கூப்பரின் வீட்டிலும் ஓர் இழப்பு. மகன் டானியல் அவுஸ்திரேலியப் படையில் சேர்ந்து பெல்ஜியப் போர்முனையில் உயிரிழந்தார். குடியுரிமைகள் முழுமையாக இல்லாத ஒருவர், அந்நாட்டின் சீருடையில் அந்நிய மண்ணில் அடக்கமானார். தந்தை இதை மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது, உரிமை தராமல் எங்கள் பிள்ளைகளைப் படைக்கு அழைக்காதீர்கள் என்ற கருத்தை அவர் அரசுக்கு எழுதியதன் பின்னால் டானியலின் கல்லறை இருந்தது. இன்னொரு மகன் லிஞ்ச் கூப்பர் ஓட்ட வீரர். 1928இல் ஸ்டாவெல் நகரின் புகழ்பெற்ற ஓட்டப் போட்டியில் வென்று தந்தைக்கு மகிழ்ச்சி தந்தார்.

உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலையிழந்த வெள்ளையருக்கு அரசு நிவாரணம் கொடுத்தது. ஆதிக்குடிகள் பலரை, நீங்கள் சபையின் பொறுப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். சபையிடம் போனால் கிடைப்பது அரைவயிற்றுப் பங்கீட்டு உணவு. முதியோர் உதவிப்பணமும் ஒதுக்கிடத்தில் வசிப்பவர்களுக்குக் கிடையாது. ஆகவே 1933இல், பிறந்த மண்ணை விட்டு மெல்பேர்னின் புட்ஸ்கிரே பகுதிக்குப் போனார் கூப்பர். உதவிப்பணம் பெறுவதற்காக ஊரை விட வேண்டியிருந்தது. கிடைத்த அந்தச் சிறு பணம்தான் வீட்டுச் செலவுக்கும் தபால் முத்திரைக்கும்.

அந்த வீட்டிலிருந்துதான் கடிதங்கள் புறப்பட்டன. பிரதமருக்கு, அமைச்சர்களுக்கு, மாநில முதல்வர்களுக்கு, பத்திரிகைகளுக்கு. முழுக் கூலி, வேலையற்றோர் நிவாரணத்தில் சமபங்கு, பயிரிட நிலம், பிள்ளைகளுக்குச் சரியான கல்வி, பாராளுமன்றத்தில் ஒரு குரல் என்று கோரிக்கைகள் நீண்டன. பெரும்பாலான பதில்கள் கிடைத்தது என்று அறிவிக்கும் இரண்டு வரிகளே. அவர் மீண்டும் எழுதினார். டக் நிக்கல்ஸ், மார்கரெட் டக்கர், ஒனஸ் சகோதரர்கள் முதலியோர் அவரைச் சுற்றிக் கூடினர். அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் சங்கம் பிறந்தது. கூப்பர் அதன் செயலாளர்.

இதற்கிடையே மன்னர் ஐந்தாம் ஜோர்ஜுக்கு ஒரு மகஜர் தயாராகியது. தம் இனம் அழியாமல் காக்கப்பட வேண்டும், பாராளுமன்றத்தில் தம் சார்பாக ஒருவர் இருக்க வேண்டும் என்பன அதன் சாரம். நாடு முழுவதும் பரந்திருந்த ஒதுக்கிடங்களில் கையொப்பம் சேர்ப்பது இலேசான காரியமல்ல. சில இடங்களில் அதிகாரிகளே தடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் அடையாளமிட்டார்கள். இப்படியாக 1,814 பேர் சேர்ந்தனர். மன்னர் 1936இல் இறந்துபோனார். அடுத்தவர் முடிதுறந்தார். 1937இல் மகஜர் அரசிடம் கையளிக்கப்பட்டபோது அரியணையில் ஆறாம் ஜோர்ஜ். 1938இல் அமைச்சரவை அதனை மன்னருக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானித்தது. ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் மெல்பேர்னுக்கும் கன்பராவுக்கும் இடையிலேயே நின்றுவிட்டன.

மன்னர் நீதி செய்வார் என்று கடைசிவரை நம்பிய கூப்பரைச் சிலர் அப்பாவி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம்மை ஆள்வதாகச் சொல்லும் ஒவ்வொரு வாசலையும் அவர் தட்டிப் பார்த்தார். எந்த வாசல் திறக்கவில்லை என்பதை எழுத்தில் பதிந்தும் வைத்தார். அவருடைய பேச்சில் தம் மக்களை உயர்த்துவது, நாகரிகத்துக்குக் கொண்டுவருவது போன்ற அக்காலத்துச் சொற்கள் வருவது உண்மை. இன்றைய தலைமுறைக்கு அவை உறுத்தலாம்.

1938 ஜனவரி 26. வெள்ளையர் வந்து குடியேறி நூற்றைம்பது ஆண்டுகள். சிட்னியில் பெருவிழா. முதற் கப்பல் வந்து இறங்கிய காட்சியை நடித்துக் காட்ட, தொலைவிலுள்ள மெனிண்டியிலிருந்து ஆதிக்குடி ஆண்களைக் கொண்டுவந்து பொலிஸ் முகாமில் காவலில் வைத்திருந்தார்கள். அதே நாளைத் துக்க நாளாக அனுட்டிப்பது என்பது கூப்பரின் எண்ணம். ஜாக் பட்டனும் வில்லியம் பெர்குசனும் சிட்னியில் அதை நடத்தி வைத்தார்கள். ஊர்வலங்கள் கடந்து போகும்வரை காத்திருந்து, கறுப்பு உடையணிந்த ஏறத்தாழ நூறு பேர் எலிசபெத் வீதியிலுள்ள மண்டபத்தின் பின்வாசலால் உள்ளே போனார்கள். கூப்பரும் மெல்பேர்னிலிருந்து வந்திருந்தார். ஐந்து நாள் கழித்து ஒரு தூதுக்குழு பிரதமர் ஜோசப் லயன்ஸைச் சந்தித்தது. கேட்டார், அனுப்பிவைத்தார். சட்டம் மாறவில்லை.

அவ்வாண்டு நவம்பரில் ஜேர்மனியில் யூதரின் கடைகளும் வழிபாட்டிடங்களும் நொறுக்கப்பட்ட செய்தி வந்தது. டிசம்பர் 6ஆம் திகதி கூப்பரின் சங்கம் மெல்பேர்னிலுள்ள ஜேர்மன் தூதரகத்துக்குக் கண்டன மனுவோடு ஆட்களை அனுப்பியது. தங்கள் நாட்டிலேயே கணக்கெடுக்கப்படாத மக்கள், கடல் கடந்து துன்புறும் இன்னொரு மக்களுக்காக வீதியில் நின்றார்கள். தூதரகத்தார் மனுவை வாங்க மறுத்தார்கள்.

1939 பெப்ரவரியில் கமராகுஞ்சாவிலிருந்து ஏறத்தாழ இருநூறு பேர் மூட்டை முடிச்சோடு மரே ஆற்றைக் கடந்து விக்டோரியாப் பக்கம் பார்மாவில் கூடாரம் அடித்தார்கள். அதிகாரியின் கொடுமையும் மோசமான உணவும் பொறுக்க முடியாமற் போயிற்று. பலர் திரும்பவே இல்லை. அவர்களுக்கு உணவும் உடையும் சேர்த்து அனுப்பும் வேலையில் முதியவர் தளர்ந்துபோனார்.

துக்க நாள் மறக்கப்பட்டுவிடக் கூடாது என்று அவர் ஒரு வழி தேடினார். ஜனவரி 26க்கு முந்திய ஞாயிறை ஆதிக்குடிகள் ஞாயிறாகக் கொள்ளும்படி தேவாலயங்களைக் கேட்டார். ஊர்வலத்துக்கு அனுமதியோ மண்டபத்துக்கு வாடகையோ தேவையில்லை. இருந்த இடத்தில் கூடினால் போதும். 1940இல் அது தொடங்கியது. 1955இல் யூலைக்கு மாறியது. பிறகு ஒரு நாள் ஒரு வாரமாக வளர்ந்தது.

அவரிடம் பழகிய டக் நிக்கல்ஸ் கமராகுஞ்சாவில் பிறந்தவர். உதைபந்தாட்ட வீரராகி, போதகராகி, 1976இல் தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநரானார். மலோகா மக்கள் மகஜர் எழுதி அனுப்பிய பதவியைப் போன்ற ஒரு பதவி அது.

கூப்பர் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1940இன் இறுதியில் ஊர்ப்பக்கம் போக வேண்டும் என்று பார்மாவுக்குத் திரும்பினார். அடுத்த ஜனவரியில் இரண்டாவது ஆண்டாக அந்த ஞாயிறு வந்து போயிற்று. 1941 மார்ச் 29ஆம் திகதி மூருப்னா ஆஸ்பத்திரியில் காலமானார். உதவிப்பணத்துக்காக எட்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன கமராகுஞ்சாவுக்கு அவரைக் கொண்டுவந்து, அம்மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.