கிட்டார் வாசிக்கத் தெரியாது... ஆனா, உலகமே வாசிச்சது அவர் கிட்டாரைத்தான்! - லியோ ஃபெண்டர் கதை

முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கலாம்னு ஆன்லைன்ல தேடிட்டு இருக்கீங்களா? கலர், ஷேப், விலை எல்லாம் பார்த்திருப்பீங்க. கிட்டார் மேல இருக்கும் அந்த ரெண்டு, மூணு நாப்களைக் கவனிச்சீங்களா? அதைப் புரிஞ்சுக்க, ஒரு ரேடியோ மெக்கானிக்கின் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா போதும். அவர் பெயர் லியோ ஃபெண்டர்.

ஒரு கண், ஒரு ரேடியோ

1909-ம் ஆண்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார் லியோ. எட்டு வயதில் கட்டி வந்து இடது கண் போனது. அதன்பிறகு வாழ்க்கை முழுக்க கண்ணாடிக் கண்தான். சிறுவயதிலேயே ரேடியோ மேல் ஆசை. ஆனால், கல்லூரியில் படித்ததோ கணக்கியல்!

1930-களின் பொருளாதார மந்தத்தில் கணக்கர் வேலை பறிபோனது. நம்மளா இருந்தா அடுத்த வேலைக்கு ரெஸ்யூமே அனுப்பியிருப்போம். லியோ 600 டாலர் கடன் வாங்கி, 1938-ல் ஃபுல்லர்ட்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். உள்ளூர் இசைக்கலைஞர்கள் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வந்தார்கள். எது அடிக்கடி பழுதாகுது, எதைச் சரிசெய்றது கஷ்டம்னு அந்தக் கடையிலதான் கத்துக்கிட்டார்.

நாப்புக்கு உள்ளே என்ன இருக்கு?

பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அதன் உள்ளே இருப்பதுதான் பொட்டென்ஷியோமீட்டர். சுருக்கமா 'பாட்'. வளைந்த ஒரு தடம், அதன் மேல் நகரும் ஒரு முனை, மூன்று இணைப்புகள். அவ்வளவுதான். வால்யூமைக் குறைக்கும்போது, சிக்னலின் ஒரு பகுதி ஆம்ப்புக்குப் போகாமல் கிரவுண்டுக்குத் திருப்பிவிடப்படுகிறது. டோன் நாப்பில் கூடவே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது கூர்மையான ஒலியை மட்டும் வடித்துவிடும். அதனாலதான் டோனைக் குறைச்சா சத்தம் மந்தமாகுது.

1950-ல் லியோ வெளியிட்ட பிராட்காஸ்டர் கிட்டார், பெயர்ச் சிக்கலால் அடுத்த ஆண்டே டெலிகாஸ்டர் ஆனது. அதன் கூர்மையான ஓரங்கள் விலாவில் குத்துதுன்னு வாசிக்கிறவங்க சொன்னாங்க. 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஓரங்களை வளைத்துச் செதுக்கினார். ஒரு வால்யூம், ரெண்டு டோன் நாப். வாசிச்சுக்கிட்டே சுண்டுவிரலால் திருப்பும் தூரத்தில் வால்யூம். 1969-ல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில் இருந்தது இந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான்.

இதில் ஆச்சர்யம் என்னன்னா, லியோவுக்குக் கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதனாலேயே வாசிப்பவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்.

வாங்கும்போது இதைப் பாருங்க

* ஃபெண்டர் பாணி சிங்கிள் காயில் பிக்கப்புக்குப் பெரும்பாலும் 250 கிலோ ஓம் பாட். அதன் இயல்பான கூர்மையை இது கொஞ்சம் தணிக்கும். தடித்த ஒலி தரும் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம்; பளிச்சென்ற ஒலியை அதிகம் இழக்காது.

* பாட் மேல் பெரும்பாலும் 'ஏ' அல்லது 'பி' எழுத்து இருக்கும். 'ஏ' நம் காதுக்கு ஏற்றபடி சீராகக் கூடிக் குறையும். வால்யூமுக்கு 'பி' போட்டால், பெரிய மாற்றம் தெரியாமலே திரும்பி, கடைசியில் சட்டென்று சத்தம் விழும்.

* கடையில் ஆம்ப்பில் இணைத்து எல்லா நாப்பையும் மெதுவா முழுசா திருப்புங்க. கரகரன்னு சத்தம் வந்தா, தடத்தில் தூசு அல்லது தேய்மானம். பழைய கிட்டார்னா இதுக்காக மட்டும் வேண்டாம்னு சொல்லாதீங்க. கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பெரும்பாலும் சரியாகும். இல்லைன்னா பாட்டை மாத்திடலாம்.

* வளைந்த கழுத்தும் தேய்ந்த ஃப்ரெட்டும்தான் பெரிய செலவு. முதல்ல அதைப் பாருங்க.

விற்றபிறகும் விடவில்லை

ஆண்டுக்கணக்கில் நோய்த்தொற்றால் அவதிப்பட்ட லியோ, இனி அதிக நாள் இருக்க மாட்டோம்னு நினைத்து, 1965-ல் கம்பெனியை சி.பி.எஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். பிறகு மருத்துவரை மாற்றினார்; நோய் குணமாகிவிட்டது! ஆனால், கம்பெனியோடு 'ஃபெண்டர்' பெயரும் போயிருந்தது. அவர் உட்கார்ந்து வருத்தப்படவில்லை. மியூசிக் மேன், பிறகு ஜி அண்ட் எல் என வேறு பெயர்களில் கிட்டார் செய்தார்.

பார்க்கின்சன் நோய் வந்தபோதும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21-ல், 81 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு, ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

கிட்டார் வாங்கியாச்சா? முதல் நாளே எல்லா நாப்பையும் பத்தில் வைக்காதீங்க. ஆம்ப்பில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் வெச்சு, கிட்டார் வால்யூமை ஏழுக்கு இறக்கிப் பாருங்க. அதே ஒலி தெளிவாகும். புதுசா பெடல் வாங்கும் முன்னாடி, கையில இருக்குற நாப்பை முழுசா பயன்படுத்திப் பாருங்க!